கமீலாவின் வண்டாவுக்கு வெயில்

28 ஜூன், சனி
என் வண்டா ஓர்க்கிட்டில் பூத்தண்டு முளை காட்டுகிறது. ஓகஸ்ட் பத்தில் பாலாவி மண்டபத்தில் ஓர்க்கிட் கண்காட்சி. பக்கத்து வீட்டுக் கமீலா அதில் இதுவரை நாலு வெற்றிக் கிண்ணம் வாங்கிவிட்டாள். எனக்குக் கைதட்டும் வேலை. இந்த முறை விடமாட்டேன்.

2011, நோன்பு பதினேழு. எனக்கு வண்டாத் துண்டு தந்து, "நெழலுல வெய்ங்க மச்சி, வெயில் பட்டாக் கருகிரும்" என்றாள். நாலு வருடம் மாமரத்தடியில் வைத்தேன். ஒரு பூ இல்லை. 2015 மழையில் மதில் விழுந்தபோதுதான் கண்டேன்: அவளுடையது உச்சி வெயிலில் பூத்து நிற்கிறது. வண்டாவுக்கு வெயில்தான் சோறு. என்னுடையதையும் வெயிலுக்கு மாற்றினேன். மதிலைத் திருப்பிக் கட்டினோம். அவளோடு கதைப்பதை நிறுத்தினேன்.

3 ஜூலை
கமீலாவின் புருஷன் ஹஸன் மௌத்து. நல்ல மனுஷன். துக்கம் கேட்க, பத்து வருடத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறினேன்.

5 ஜூலை
கமீலா இத்தா இருக்கிறாள். புருஷனை இழந்தவளுக்கு நாலு மாதம் பத்து நாள் உள்ளறை. ஜன்னலுக்கெல்லாம் துணி, முற்றம் தெரியாது. வந்தவர்களுக்குக் கதிரை போட அவளுடைய வண்டாச் சாடியைக் குசினிக்குப் பின்னால், மரத்தடியில் தள்ளியிருக்கிறார்கள். அதிலும் பூத்தண்டு.
"மச்சி, என்ட வண்டா வெயிலுலதானே இரிக்கி?"
"ஓம்" என்றேன்.
வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

6 ஜூலை
சோறு இறங்கவில்லை.

7 ஜூலை
இத்தாவில இரிக்கிறவளுக்குப் பொய் செல்லலாமா? அவ செல்லல்லயா எனக்கு? நாலு வருசம்! — அது வேறு. அப்ப அவ புருஷன் உயிரோட இருந்தான்.
போய் அவளுடைய சாடியைத் தூக்கி முற்றத்து வெயிலில் வைத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. இப்போது நான் சொன்னது பொய் இல்லை.

19 ஜூலை
தினமும் அவளுடையதற்கும் நானே தண்ணீர். என்னுடையதில் ஒன்பது மொட்டு. அவளுடையதில் பதினொன்று. எண்ணாமல் இருந்திருக்கலாம்.

10 ஓகஸ்ட்
மகன் ஃபஸ்லானின் த்ரீவீலில் இரண்டு சாடியும் ஏற்றினேன்.
"உம்மா, அவங்கடத ஏன் கொண்டு போற? பைத்தியமா?"
"வாய மூடிக்கிட்டு ஓட்டு. சாடி ஆடுது."
கமீலா முதலாவது. நான் இரண்டாவது. கைதட்டினேன்.

11 ஓகஸ்ட்
கிண்ணத்தை உள்ளறையில் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு,
"ரெண்டாவது ஆருக்கு?"
"தெரியா."
என்னையே பார்த்தாள். "என்ட வண்டாவுல வேரோட ஒரு துண்டு முறிச்சிக்கிட்டுப் போங்க மச்சி."
முறித்து வந்தேன். எங்கே வைக்கவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.