ரெண்டு ஸ்டெப் கீழே

பங்குனி 12, புதன்

காலை எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். பேஸ் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தாமஸ் போன். கீபோர்டு அவன், ஆர்க்கெஸ்ட்ரா ஓனரும் அவன், உலகமே அவன்தான் என்று நினைப்பு.

"அண்ணா, தொண்டை ஆபரேசனுக்கப்புறம் செல்வியக்கா சுருதிய ரெண்டு ஸ்டெப் எறக்கித்தானுங்க பாடறாங்க. உங்க நாலு கம்பி அவ்வளவு கீழ வராதுங்க. திருப்பூர்ல இருந்து அஞ்சு கம்பிக்காரர் ஒருத்தர் வாராருங்க. சூலூர் கோயில் நோம்பியில ரெண்டு பேத்தையும் பாத்து ஒருத்தர வெச்சுக்கலாமுங்க."

பார்ப்பானாம்! முப்பது வருஷக் கை. இதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஆள் வந்திருக்கிறான். (கல்யாணத்துக்கு வந்தவன். ஆனாலும் பார்த்தான்.)

தடிக்கம்பியைச் சும்மா தட்டினால் வருவதுதான் என் கடைசிச் சுரம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. தாமஸிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

13, வியாழன்

உக்கடம். ஆம்ப் ரிப்பேர் பாய் கடை. விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெடலை எடுத்து வைத்தார். சோப்பு டப்பா அளவு.

"இத மிதிச்சா கம்பியத் தொடாமயே சுருதி எறங்குமுங்க. குமிழ ரெண்டுல வெச்சா ரெண்டு ஸ்டெப். கை மட்டும் பழைய எடத்துலயே போகோணும். உங்களுக்கு அதானுங்கண்ணா கஷ்டம்."

எனக்கா கஷ்டம்!

ஞாயிறு வரை வைத்துப் பார்க்கக் கொடுத்தார். வீட்டில் பரிசு என்று சொன்னேன்.

14, வெள்ளி

வீட்டில் பிராக்டீஸ். ஆம்ப் சத்தத்தைக் குறைத்தால் கம்பி ஒரு சுருதி, ஆம்ப் ஒரு சுருதி, காதுக்குள் அடிதடி. கூட்டினேன். ஆம்ப் ஜெயித்தது. அலமாரியில் எவர்சில்வர் ஆடியது.

சமையல்கட்டிலிருந்து சம்சாரம்: "ஏனுங்க, அந்த டப்பாவ மிதிக்கற நேரத்துக்கு கெரைண்டரப் போட்டு உட்டிருந்தீங்கன்னா மாவாச்சும் அரைஞ்சிருக்குமுங்க."

சூலூர்ப் பை: பெடல். அடாப்டர். ஒயர் 2. கறுப்புச் சட்டை. மூட்டுவலித் தைலம் (யாருக்கும் தெரியாமல்).

15, சனி

தாமஸ் வீட்டு மாடி, ரிகர்சல். மானம் போனது. எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன்.

செல்வி அம்மணி பாட நின்றதும் தாமஸ் கை கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனுக்குப் போகும். பட்டனே சுருதியை இறக்கிவிடும், அவன் விரல் நகர வேண்டாம். நகர வேண்டியது நான். அந்தக் கை போவதைப் பார்த்தாலே என் கை தானாக நகரும், யார் பாடினாலும், வருஷக்கணக்கான பழக்கம். இன்றும் நகர்ந்தது. பெடலில் ரெண்டு, கையில் ரெண்டு. நாலு ஸ்டெப் கீழே நான் தனியாக.

"அண்ணா, எங்கீங்க போறீங்க?" என்றான் தாமஸ்.

"பெடல் எவ்வளவு தாங்குதுன்னு பாத்தேன் தம்பி."

இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவையும்.

அஞ்சு கம்பிக்காரன், "மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தானுங்கண்ணா" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

செல்வி அம்மணி மைக்கை வைத்துவிட்டுச் சொன்னாள்: "கொரலு போனது எனக்கு. அண்ணன எதுக்குங்க தாமசு வெளிய தள்ளறீங்க?"

தாமஸ் கீபோர்டுக்கு உறை மாட்டினான்.

பஸ்ஸில் யோசித்தேன். கை மேல் தப்பில்லை. கண்தான் கெடுக்கிறது.

16, ஞாயிறு

சூலூர் கோயில் மைதானம். சாயங்காலம் ஆறு. கூட்டம் பத்தாயிரம். (தாமஸ் ஐந்நூறு என்பான்.)

அஞ்சு கம்பிக்காரன் நாலு பாட்டு. சுத்தமான கை, சொல்லத்தான் வேண்டும். அடுத்து நான். செல்வி அம்மணி மைக்கை எடுத்ததும் தாமஸுக்கு முதுகைக் காட்டி நின்றேன். மேடையில், ஓனருக்கு!

"அண்ணா, இங்க பாருங்க... இங்க பாருங்கண்ணா!"

பார்க்கவில்லை. பெடல் ரெண்டில். கை பழைய இடத்தில். ஒவ்வொன்றும் ஆணி அடித்த மாதிரி விழுந்தது.

இரண்டாம் பாட்டுக்கு முன் அம்மணி தொண்டையைத் தடவினாள். தாமஸுக்கு மூன்று விரல் காட்டிவிட்டு என் பக்கம் வந்தாள்.

"இன்னொண்ணு எறக்கோணுமுங்கண்ணா. முடியுங்களா?"

குனிந்து குமிழை மூன்றில் வைத்தேன். மூட்டு கத்தியது, நான் கத்தவில்லை.

தடிக்கம்பியைத் தட்டினேன். பக்கத்து ஏர்போர்ஸ் தளத்தில் பிளேன் கிளம்பிவிட்டதென்று நாலு பேர் வானத்தைப் பார்த்தார்கள். டீக்கடை டம்ளர்கள் வரிசையாக நடந்தன. அம்மணி கடைசி வரி வரை குரல் உடையாமல் பாடினாள். இதில் ஒரு சொல்கூடக் கூட்டி எழுதவில்லை.

ஒயரைச் சுற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் தாமஸ்: "அடுத்த வாரம் பவானிங்கண்ணா. வேன் காலைல அஞ்சுக்கு. அங்கயும் முதுகையே காட்டுங்க."

17, திங்கள்

பெடலுக்காகப் பாய் போன். மூன்று தடவை. பவானி முடியட்டும்.