ஜம்புலிங்கம் ஒதுங்கி நிற்க ஒரு லைன்

கள்ளிக்குப்பம்,
திங்கட்கிழமை காலை.

என் தங்கப் பேத்தி பவ்யாவுக்கு, உன்னைப் பெற்றவர்களைவிட அதிகமாக இடுப்பில் சுமந்த ஆயா எழுதிக்கொள்வது. இங்கே முட்டிவலி நீங்கலாக நான் சுகம், அங்கே குளிர் நீங்கலாக நீ சுகமாக இருக்க வேணும். நேற்று மொட்டைமாடியில் இருந்தவர்கள்: நான், உங்க நைனா நடேசன், உங்கம்மா சுலோசனா, என் தம்பி ஜம்புலிங்கம், அவன் பொண்டாட்டி தாட்சாயிணி, மேல்வீட்டில் குடியிருக்கிற கம்ப்யூட்டர் பிள்ளை உதயகுமார். நானும் இருந்தேன் என்று வேறு யாராவது போனில் சொன்னால் நம்பாதே.

நீ அனுப்பின பொம்மை ரயில் படத்தை உதயகுமார் அச்சடித்துக் கொண்டுவந்தான். மேசை ஆறடிக்கு மூணடி, அதில் அம்பத்தூர் ஸ்டேஷன், ஆவடி ஸ்டேஷன், அன்னனூர் ஷெட், கொரட்டூர் ஏரி, ரயில்வே கேட்டு, ரெண்டு ரயில் எல்லாம் போட்டிருக்கிறாயே, கல்யாண வீட்டு வேனில்கூட இப்படி அடைக்க மாட்டார்கள். பதினோரு மாசமாக அந்த ஊரில் ஒருத்தரும் உன்னை வா என்று கூப்பிடவில்லை, இப்போது அந்த ரயில் சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், சனிக்கிழமை படம் சரியாக இருந்தால்தான் மேசை தருவார்கள் என்று நீ சொன்னபோது உன் குரலை நான்தான் கேட்டேன். அத்தனை வெள்ளைக்காரர் நடுவில் உன் ரயில் கவிழக்கூடாது. அதனால் ஒரு அடிக்கு அஞ்சடி என்று கணக்குப் போட்டு மாடி முழுக்கக் கோலமாவில் உன் படத்தை வரைந்து, ஆட்களையே ரயிலாக ஓடவிட்டோம்.

நடேசன் லோக்கல் ரயிலுக்கு இன்ஜின், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சுலோசனா, அவளுக்குப் பின்னால் உதயகுமார். ஜம்புலிங்கம் கூட்ஸ் வண்டி. தாட்சாயிணி நாற்காலி போட்டுத் துடைப்பத்தை நீட்டிக் கேட்டுப் போட்டாள். போட்டவள் காபி குடிக்கக் கீழே போய்விட்டாள். துடைப்பம் நாற்காலியில்தான் கிடந்தது, ஆனாலும் கேட்டுப் போட்டால் போட்டதுதானே, ஒருத்தரும் தாண்டவில்லை, இருபது நிமிஷம் வெயிலில் நின்றார்கள். தொண்ணூத்தி ஒண்ணில் காதுகுத்துக்கு எனக்கு மட்டும் வடை வைக்காமல் போனவள் அவள், வேறெப்படி இருப்பாள்.

கேட்டுத் திறந்ததும் முதல் வளைவிலேயே சுலோசனா தடம்புரண்டு, ஏரி என்று காயவைத்திருந்த வடாத்தில் கால் வைத்தாள். கூட்ஸ் ஒதுங்கி நிற்க நீ போட்ட லைனில் ஜம்புலிங்கம் பாதிதான் அடங்கினான். எக்கா, என் தொப்பை மெயின் லைன்ல கீது, வண்டிய நிறுத்து என்று கத்தினான். நடேசன் நிறுத்தவில்லை. ரெண்டு பேரும் மோதிக்கொண்டு அன்னனூர் ஷெட்டில் விழுந்தார்கள்.

நான் எல்லாவற்றையும் அழித்துப் புதுசாகப் போட்டேன். கண்ணு, சிக்குக்கோலம் போடுகிறவளுக்குத் தெரியும், இழை மொடக்கென்று திரும்பினால் முறியும், அகலமாக வளைத்துக் கொண்டுபோய்ப் புறப்பட்ட இடத்திலேயே சேர்க்க வேணும். அதனால் ஒரே வளையம். ஆவடியை எடுத்துவிடு, அம்பத்தூர் போதும். கை எட்டாத இடத்தில் லைன் போடாதே, மூணடி மேசையைச் சுவரோடு ஒட்டாதே, லைன் பிரிகிற இடம் உன் பக்கமாக இருக்கட்டும். ஒதுங்குகிற லைன் வண்டி முழுசும் அடங்கி ஒரு சாண் மிஞ்ச வேணும். ரயில் மறைய மலை வேணும் என்றாயே, நம்ம பக்கம் மலை ஏது, திருமழிசை எஸ்டேட் குடோன் ஒன்றை வை. அங்கே ரயிலே கிடையாதே பாட்டி என்றான் உதயகுமார், அது அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். பத்துத் தரம் ஓட்டிப் பார்க்காமல் பசை தடவாதே.

முதல் மேசைக்கு ஒரே ரயில் போதும் என்றும் முடிவு பண்ணினேன். நடேசனை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு ஜம்புலிங்கத்தை வைத்துக்கொண்டேன், அவன் அடங்கினால் எந்த வண்டியும் அடங்கும். மூணு சுற்று தடம் மாறாமல் ஓடினான், தாட்சாயிணிகூடக் கை தட்டினாள். உதயகுமார் படம் பிடிக்கச் செல்போனை எடுப்பதற்குள், நான் இன்ஜின் இல்லைன்னா இங்க எதுவும் ஓடத் தேவையில்ல என்று சொல்லி ஒருத்தன் ஒரு பக்கெட் தண்ணியை மொத்தக் கோலத்தின்மேலும் ஊற்றிவிட்டான். ஐம்பத்து நாலு வயசு. அதனால்தான் ஞாபகத்திலிருந்து இத்தனையும் எழுதி, அடுத்த பக்கத்தில் கோடும் இழுத்திருக்கிறேன். உதயகுமார் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான்.

சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் போ, கேட்கிறவர்களுக்குப் பயப்படாமல் பதில் சொல். உன் ரயில் நிற்காமல் ஓடட்டும், உன் வாசலுக்கு நாலு பேர் வந்து போகட்டும். கம்பளிச் சாக்ஸ் போட மறக்காதே.

இப்படிக்கு,
உன் ஆயா தனபாக்கியம்.

எழுத விட்டுப்போனது: உன் மேசை கிடைத்துவிட்டால் ஜம்புலிங்கத்தையும் தாட்சாயிணியையும் மன்னித்துவிடுவேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், என் வயிற்றில் பிறந்தவனே ஆனாலும், நடேசனை மன்னிக்க மாட்டேன்.