சந்தனம் அப்பிய ஹார்ட் டிஸ்க்

நாள்கணக்காகச் சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் சந்தன வாசனை போகவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சுரண்டி எடுத்தது. உனக்குத் தெரியாததா? ஆயுத பூசை வந்தால் இந்தப் பனியன் கம்பெனிக்காரர்கள் தையல் மெஷினிலிருந்து கம்ப்யூட்டர்வரை ஒன்றையும் விடாமல் பொட்டு வைப்பார்கள். டிஸ்க்கைக்கூடக் கழற்றித் துடைத்து, சரியாக அது காற்று வாங்கும் மூச்சுத் துளையின் மேல் அப்புவார்கள். "சாமிக்கே மூச்சு முட்டுதுலேய்" என்று நீ சிரிப்பாய். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொண்டு வந்தவர் மூலனூர்க்காரர்.

ஆமாம், அதே ஆள்தான்.

முதல் தடவை அவர் வந்தபோதும் இதே சந்தனம், இதே துளை. ஈரம் உள்ளே இறங்கி டிஸ்க் செத்துக் கிடந்தது. நம் கடையில் நீ ராப்பகலாகக் குனிந்து உட்கார்ந்து அவருடைய டிசைன்களையெல்லாம் மீட்டாய். புது டிஸ்க்கில் போட்டுக் கொடுத்த பிறகு, வழக்கம்போல நம் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியை அவரையே அழிக்கச் சொன்னாய். "ஒங்க கையாலயே அமுக்கிருங்க அண்ணாச்சி. பெறவு என்னைய நெனச்சு ஒங்களுக்கு ஒறக்கம் கெடக் கூடாது பாத்தியளா." அவரும் சிரித்துக்கொண்டே அமுக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த டிசைன்கள் வேறொரு கம்பெனியின் டீ-ஷர்ட்டில் வந்தபோது, திருடியது நீ என்று டீக்கடையில் நின்று சொன்னவரும் அவர்தான். எடுத்துக் கொடுத்தது அவருடைய மச்சினன். அது கொஞ்ச நாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. குடும்ப மானம் போய்விடுமாம், வாயைத் திறக்கவில்லை. உன் மானம் போனால் என்ன, நீ தெக்கத்திக்காரன்தானே. கடைக்கு ஒருவரும் டிஸ்க் கொண்டு வராமல் போனார்கள். நீ பையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு வந்தது நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்ற செய்திதான்.

உன் அம்மா இன்னும் எனக்குப் போன் பண்ணுகிறாள். நலம் விசாரிப்பாள், மழையைப் பற்றிச் சொல்வாள், கடைசியில் குரலை இறக்கி அதையே கேட்பாள். "எம் புள்ள களவாண்டானாய்யா?" இல்லை என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அவளுக்குப் போதவில்லை. நண்பன் அப்படித்தான் சொல்வான் என்று நினைத்தாளோ என்னவோ.

"எப்படியாச்சும் எடுத்துக் குடுத்துருங்க தம்பி. டிசைன் போனாப் போகட்டுமுங்க. போன வருசம் போய்ச் சேர்ந்த எங்கம்மா பேசுன வீடியோ அதுலதானுங்க இருக்குது" என்றார் மூலனூர்க்காரர்.

டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. உள்ளே சுத்தம் செய்யாமல் இன்னும் ஒரு தடவை ஓடவிட்டால் எல்லாம் பதிந்திருக்கும் தட்டு கீறிப்போகும். முடியவில்லை என்று கையை விரித்துவிடலாம். சுவிட்சில் விரல்கூட வைத்துவிட்டேன். அப்போதுதான் உன் அம்மா நினைவுக்கு வந்தாள். நல்ல மனதெல்லாம் இல்லையடா, இதைவிடப் பலமாக அடிக்கலாம் என்று தோன்றியது. அன்றைக்கே வேலையை முடித்தேன். ஆனால் அவரை அலையவிட்டேன். தினமும் வந்து வாசலில் நின்றார். நன்றாக நிற்கட்டும் என்று இருந்தேன்.

இன்று மாலைதான் சொன்னேன். "உங்கம்மா குரல் உங்களுக்கு வேணும்னா, எங்கூட்டாளியோட அம்மா காதுல உங்க குரல் விழோணுமுங்க."

அன்று அவர் பேச்சுக்குத் தலையாட்டிய டீக்கடைக்காரரையும் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தேன். உன் அம்மாவுக்குப் போன் போட்டு மேசைமேல் வைத்தேன். திரையில் அவருடைய பிரதி, அழிக்கும் பட்டன்மேல் அவருடைய விரல்.

"போன தடவையும் நாந்தானுங்கம்மா இந்தப் பட்டன அமுக்குனேன். உங்க பையங்கிட்ட ஒண்ணுமே இருக்கலீங்க. எடுத்துக் குடுத்தது எம் மச்சினனுங்க. தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டனுங்க." சொல்லிவிட்டு அமுக்கினார்.

உன் அம்மா கேட்டாள். "இதச் சொல்லதுக்கு இம்புட்டு நாளாய்யா?"

அவர் நான் கொடுத்த புது டிஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு, "தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். வைத்துக்கொள்வேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். எனக்கு அது இனித்தது. இப்போது எழுதும்போதும் இனிக்கிறது. நீ திட்டுவாய், தெரியும். திட்டுவதற்காவது வந்துவிட்டுப் போயேன்.

வந்தவர் பொருளில் ஒரு துளிகூட நம் கடையில் தங்கக் கூடாது என்பது உன் சட்டம். இத்தனை வருடமும் காப்பாற்றினேன், இன்று மீறிவிட்டேன். அவர் பேசியதை முழுக்கப் பதிவு செய்திருக்கிறேன், அவருக்குத் தெரிந்தேதான். தனித்தனியாக மூன்று டிஸ்க்கில் பிரதியும் எடுத்து வைத்துவிட்டேன். வருகிற ஆயுத பூசைக்கு அந்த மூன்றின் பக்கம் ஒருவரையும் சந்தனக் கிண்ணத்தோடு வரவிட மாட்டேன்.