தீவுக்கு மூன்று பேர்

நவம்பர் 1, சனி. மந்தைவெளி

விடியும் முன்பே தூறல். பாண்டி பஜாரில் மழைக்கோட்டு வாங்கினேன். ஒன்று போதும், ஆனால் அம்மாவின் உத்தரவு மூன்று. எனக்கு, வித்யாவுக்கு, ஸ்டெல்லாவுக்கு.

இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன். வித்யாவும் வரவில்லை, ஸ்டெல்லாவும் வரவில்லை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு தாய்லாந்துத் தீவுகளைச் சுற்றுவது என்பது, பள்ளி முடித்த நாளிலிருந்து மூவரும் பேசிய பேச்சு. இப்போது வித்யாவுக்கு ஆபீஸில் லீவு இல்லை. ஸ்டெல்லாவின் மாமியார் வழுக்கி விழுந்து படுக்கையில். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டி." டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள். நான் செய்யவில்லை. முப்பத்தேழு வயதாகிறது. அடுத்த வருஷங்களை நிறையப் பார்த்தாயிற்று.

தனியாக என்றால் அம்மா விடமாட்டாள். அதனால் அவளுக்கு மட்டும் நாங்கள் மூவரும் போகிறோம்.

பையில்: டார்ச், தலைவலித் தைலம், செருப்பு இரண்டு ஜோடி. அம்மா வைத்தவை: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தட்டை. எல்லாம் மூன்று மூன்று பொட்டலம்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆட்டோக்காரர்: "இன்னா மேடம், இம்மாம் பெரிய மூட்டை! தனியாவா போய்க்கினு கீறீங்க?"

அம்மா வாசலிலேயே நிற்கிறாள். "ஃப்ரெண்ட்ஸ் ஏர்போர்ட்ல நிக்கிறாங்க" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

கிண்டி தாண்டும்வரை அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷ ஆசை, கிளம்பும்போது இப்படி.

நவம்பர் 3, திங்கள். முதல் தீவு

மழை. படகு தாமதம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். சுற்றுலாப் படங்களில் பார்த்த நீலம் சீசனுக்குத்தான் வருமாம். சீசன் இல்லாததால்தான் அறைகள் காலி.

குடிலின் சொந்தக்காரி ஒரு விரலைக் காட்டி "ஒன்?" என்றாள். தலையாட்டினேன். இரண்டு தலையணையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருந்துவிட்டுப் போகட்டுமே, தலையணைதானே.

சாயங்காலம் அம்மா போன். "வித்யாகிட்ட குடு." குளிக்கிறாள் என்றேன். "ஸ்டெல்லா?" தூங்குகிறாள். அம்மா விடுவதாக இல்லை. அவசரமாக வித்யாவுக்குத் தகவல் அனுப்பி, அவளையும் அதே அழைப்பில் சேர்த்தேன்.

"மாமி, சூப்பரா இருக்கு மாமி! எதிர்லயே கடல்!" என்றாள் வித்யா, அபிராமபுரத்தில் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து. அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது.

"அங்க குக்கர்கூட இருக்கா?"

"ரூம்லயே கிச்சன் மாமி. பருப்பு வெச்சிருக்கோம்."

அம்மாவுக்கு ஏக சந்தோஷம். போனை வைத்த பிறகு நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

நவம்பர் 4, செவ்வாய். இரண்டாம் தீவு

மழைக்கோட்டு கழுத்தில் ஒழுகுகிறது. தட்டை நமுத்துவிட்டது. ஆனாலும் தின்றேன்.

அருவிக்கு நடந்தேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் ஜோடி அல்லது கும்பல். ஒரு வெளிநாட்டுப் பெண்ணிடம் என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு, "உன் ஆட்கள் எங்கே?" என்றாள். பின்னால் வருகிறார்கள் என்றேன். அவளிடம் ஏன் பொய்? அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது போல.

நல்ல அருவி. "ஏய், அங்க பாரு" என்று சொல்ல ஆள் இல்லை.

நவம்பர் 5, புதன். அதே தீவு

பௌர்ணமி. இந்தக் கடற்கரைப் பார்ட்டிக்காகத்தான் நாளே குறித்தோம், மூவரும்.

மத்தியானம் அம்மா போன்: "இன்னிக்கு அன்னாபிஷேகம். சாயங்காலம் கபாலி கோயிலுக்குப் போறேன். உங்க மூணு பேர் பேர்லயும் அர்ச்சனை பண்றேன். ஸ்டெல்லா ஒண்ணும் நினைச்சுக்கமாட்டாளே?"

மாட்டாள் என்றேன்.

இருட்டும் முன்பே கடற்கரைக்குப் போய்விட்டேன். பாட்டு நெஞ்சுக்குள் இடிக்கிறது. எல்லோர் உடம்பிலும் ஒளிரும் சாயம். யாரோ ஒரு பெண் என் கன்னத்திலும் ஒரு பூ வரைந்தாள். நன்றி சொல்வதற்குள் கும்பலோடு போய்விட்டாள். சின்ன பக்கெட்டில் அன்னாசி ஜூஸ் வாங்கிக்கொண்டு நின்றேன். மணலில் ஆடவும் பார்த்தேன். தனியாக ஆடும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பின்னால் தமிழ்க் குரல்: "மச்சி, நம்ம ஊரு ஆன்ட்டிடா!"

திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பேசியிருப்பார்களோ என்னவோ. எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று நாலு வார்த்தை.

மழை கொட்டியது. பாட்டை நிறுத்திவிட்டார்கள். நிலாவைப் பார்க்கவே இல்லை. கன்னத்துச் சாயம் சட்டைக்கு வந்துவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

படகு ரத்து. மூன்றாம் தீவு கிடையாது. நாள் முழுதும் அறை.

அம்மா போன் செய்தாள். "மூணு பேரும் சாப்டேளா?" வித்யாவைக் கேட்கவில்லை, ஸ்டெல்லாவையும் கேட்கவில்லை. அப்பாடா. "ஜாக்கிரதையா இரு" என்று இரண்டு தடவை சொன்னாள்.

நவம்பர் 8, சனி. மந்தைவெளி

இங்கேயும் மழை. வீடு முழுக்க என் ஈரத்துணி.

சாப்பிட்டதும் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களைக் காட்டச் சொன்னாள். கடல், படகு, அருவி. நிதானமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அருவிப் படத்தில் நிறுத்தினாள்.

"நன்னா இருக்கு. யார் எடுத்தா?"

"வித்யா."

"வித்யா அன்னாபிஷேகத்தன்னிக்கு க்யூவுல எனக்கு நாலு பேர் முன்னாடி நின்னுண்டிருந்தா. என்னைப் பார்த்ததும் பாவம், முகமே செத்துப்போச்சு. நான் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிண்டுட்டேன்."

ஐப்பசிப் பௌர்ணமிக்கு மயிலாப்பூரே அங்கேதான் நிற்கும். வித்யாவைப் போகாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை பார்.

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா. திட்டியிருக்கலாமே."

"அவ்வளவு தூரத்துல தனியா இருக்கே. திட்டிட்டு போனை வெச்சா நீ என்ன பண்ணுவே?" மறுபடி படத்தைப் பார்த்தாள். "பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. யாரும் வரலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே. நீங்க மூணு பேரும் சின்னவா, நடுவுல நான் எதுக்குன்னுதான் வாயைத் திறக்கலை."

போனை என்னிடம் தந்துவிட்டு ஈரத்துணியைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

அன்றைக்கு இரண்டு இடம் காலி. யார் யாரையோ கூப்பிடலாமா என்று யோசித்தேன், ஆபீஸ் சுமதியைக்கூட. அம்மாவை யோசிக்கவே இல்லை.