சந்தனப் பொட்டு வைத்த ரிவோல்வர்

11 ஒக்டோபர் 1988, செவ்வாய்

காலையில் மழை. பத்து மணிக்கு நல்ல வெயில். மத்தியானம் திரும்ப மழை. கொடியில் துணி. எடுக்க வீட்டில் ஆள் இல்லை.

ஒக்லண்டின் மேற்கே, ஹென்டர்சனில் வேலை. கௌபோய் படத்துக்கு ரிவோல்வர் உறை தைக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி, மலைப் பக்கம் மரப்பலகையால் ஒரு ஊரே கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் வேலைத்தலம் பழைய அப்பிள் ஷெட். இன்னும் அப்பிள் மணம் போகவில்லை. துவக்குகளுக்குப் பொறுப்பு லொரெய்ன் (இனி லொ. என்று எழுதலாம், கை நோகிறது). என் வயதுதான். வாய் மட்டும் இரண்டு மடங்கு.

இன்றைக்கு லொ. கேட்டாள், உறை தைத்து முடிந்ததும் போய்விடாதே, துவக்குகளோடு என்னிடமே இரு, நிரந்தர வேலை என்று. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அலுமாரிச் சாவி வைத்திருந்தவள் என்று ஒருநாள் சொன்னது அவளுக்கு நினைவு இருந்திருக்கிறது. சந்தோஷத்தில் ஊசியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. பிறகு கதிரையில் கிடந்தது, நல்லவேளை.

ஒரு சிக்கல். லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பொலிஸில் இருந்து ஒருவர் வீட்டுக்கு வருவாராம். வீட்டைப் பார்ப்பாராம். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு இவரிடம் தனியாகக் கேட்பாராம், உங்கள் மனைவி கையில் துவக்கு இருக்கச் சம்மதமா என்று. இவர் இல்லை என்றால் வேலையும் இல்லை.

இவரிடம் எப்படிக் கேட்பது.

12 ஒக்டோபர், புதன்

காற்று. ஷெட்டின் தகரம் நாள் முழுக்கக் கடகட.

லொ. முதல்முதலாகப் பெரியவரைக் கையில் தந்தாள். ஒரு ரிவோல்வருக்கு நாங்கள் வைத்த பெயர். மற்றவை எல்லாம் இத்தாலியில் செய்த நகல், அல்லது ரப்பர் (குதிரையில் இருந்து விழுகிற காட்சிக்கு). இது ஒன்றுதான் உண்மையான பழசு. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்துமூன்றாம் ஆண்டு மாடல். முகம் தெரிகிற கிட்டக் காட்சிக்கு மட்டும் வெளியே வருவார்.

என்ன அழகு. அழகு என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு சொல் இல்லை. நீல நிறம் தேய்ந்து சாம்பலாகிவிட்ட குழல். வால்நட் மரப் பிடி, யாரோ பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் மட்டும் வழவழப்பு. வலப் பக்கத்தில் தோட்டா போடுகிற குட்டிக் கதவு, நகத்தால் திறக்கலாம். வேண்டாத ஒரு ஆணிகூட இல்லை. பின்னால் உள்ள சுத்தியலைப் பெருவிரலால் மெல்ல இழுத்தால் நாலு சத்தம். நாலும் நாலு விதம். கடைசிச் சத்தத்தோடு உருளை வந்து சரியான இடத்தில் நிற்கிறது. நூற்றுப் பதினைந்து வருசம் கழித்தும்.

லொ.வைச் சிரிக்க வைத்தது: படக்கதை 1867இல் நடக்கிறதாம். அப்போது பெரியவர் பிறக்கவே இல்லை. இது எப்படி என்று நான் கேட்டேன். எல்லாக் கௌபோய் படத்திலும் இந்தப் புளுகு உண்டாம். இதைவிட அழகான துவக்கு கிடைக்காததால் ஒருவரும் கவலைப்படுவதில்லை. நியாயம்தான். நானும் மன்னித்தேன்.

வாங்க: பால், சவர்க்காரம், மகளுக்கு வெள்ளைச் சொக்ஸ்.

14 ஒக்டோபர், வெள்ளி

வெயில். இவரிடம் சொல்லிவிட்டேன். மீன் குழம்பு வைத்துவிட்டுத்தான் சொன்னேன். குழம்பு உதவவில்லை.

"அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்தது. இங்க நீர் அதைத் துடைச்சு வைக்கப் போறீரோ?"

"இது படத்துக்கு. வெறும் வெடி. குண்டு இல்லை."

"சத்தம் வராதோ?"

"சத்தம் வரும்தான்."

"பிறகென்ன."

கை கழுவிவிட்டு எழும்பிப் போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு.

எனக்குக் கோபம் வந்தது. ஊரில் படித்த படிப்புக்கு இங்கே ஒருவரும் ஒரு சதம் மதிப்புத் தரவில்லை. முதலில் பிஸ்கட் பக்டரி, பிறகு ஆஸ்பத்திரி லோண்டரி. இப்போதுதான் ஒருத்தி என் கையைப் பார்த்து, நீ கவனமானவள் என்று சொல்லியிருக்கிறாள். இதை விடவேண்டுமா. பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே கழுவினேன்.

கழுவி முடியக் கோபமும் முடிந்தது. இவருக்கு நடந்ததை இவர் எனக்குச் சொன்னதே இல்லை. அதே பஸ்ஸில் வந்த என் தம்பி சொல்லித்தான் தெரியும். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி, இவரை மட்டும் முழங்காலில் இருத்தி, ஒரு ஆமிக்காரன் கைத்துவக்கைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கிளிக், கிளிக் என்று இழுத்து இழுத்து விட்டானாம். சுடவில்லை. விளையாட்டாம். பிறகு போ என்றானாம். அன்றையில் இருந்து டீவியில் துவக்கு வந்தால் இவர் தேத்தண்ணி போட எழும்புவார்.

புதன்கிழமை நாலு சத்தம் என்று எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் பேனையால் வெட்டப் போனேன், வெட்டவில்லை. அழகு என்றதும் பொய் இல்லையே.

16 ஒக்டோபர், ஞாயிறு

தூறல். பிஜிக்காரர் கடையில் அவல், கடலை, கற்பூரம். சந்தனம் முடிந்துவிட்டது, பழைய கட்டையில்தான் அரைக்க வேண்டும்.

நவராத்திரி என்றபடியால் இரண்டு பேரும் சண்டை போடவில்லை. கதைக்கவும் இல்லை. மகள் வந்து, ஏன் வீடு லைப்ரரி மாதிரி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள்.

17 ஒக்டோபர், திங்கள்

படப்பிடிப்பு பார்க்கப் போனோம். சேறு. கௌபோய்கள் எல்லாரும் முழங்கால் வரை ரப்பர்க் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார்கள். கமரா வந்ததும் சப்பாத்து மாற்றுகிறார்கள்.

பெரியவர் இரண்டே நிமிசம் வேலை செய்தார். நடிகர் உறையில் இருந்து எடுத்ததும் (என் உறை!) வெயில் பட்டது. நடிகரை ஒருவரும் பார்க்கவில்லை, சத்தியமாக. வெடித்த பிறகு கொதிதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு உடனே கழுவ வேண்டும், அந்தக் கரிமருந்து இரும்பைத் தின்றுவிடும். நான்தான் கழுவினேன். எண்ணெய் பூசித் துடைத்து, வெல்வெட் பெட்டியில் படுக்க வைத்தேன்.

லொ. ஒரு ரப்பர் ரிவோல்வரைத் தந்துவிட்டாள். பெரியவரின் அச்சு. வீட்டில் இருந்து வர்ணம் பூசு, தேய்ந்த இடங்கள் தேய்ந்த மாதிரித் தெரியவேண்டும் என்றாள். சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்து தையல் மெஷின் பெட்டிக்குள் ஒளித்தேன். இவரிடம் சொல்லவில்லை.

பின்னேரம் போன். பொலிஸ்காரர். லொ. சொல்லி வைத்தபடி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தவர், புதன் ஆறு மணிக்கு அந்தப் பக்கம் வருகிறேன், வரட்டா என்றார். ஓம் ஓம் என்றேன். போனை வைத்த பிறகுதான் மூளை வேலை செய்தது. புதன் சரஸ்வதி பூசை.

இவரிடம் சொன்னேன். "வரட்டும்" என்றார். அவ்வளவுதான்.

19 ஒக்டோபர், புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

பூசைக்கு இவர் கணக்குப் புத்தகங்கள், கல்குலேட்டர். மகளின் கொப்பிகள். "உம்மட வேலைச் சாமானையும் வையும்" என்றார். கத்தரிக்கோல், தோல் ஊசி, வர்ணத் தூரிகை வைத்தேன். பிறகு யோசித்தேன். என் வேலைச் சாமான் என்றால் அதுவும்தானே. சரஸ்வதிக்கு ஒளிப்பதா. இவர் குளிக்கப் போன நேரம் ரப்பர் ரிவோல்வரை எடுத்துவந்து, பிடியில் சந்தனம், நடுவில் குங்குமம். பட்டுத் துண்டால் மூடிவிட்டேன். வைத்த சாமானை நாளைக் காலை வரைக்கும் தொடக்கூடாது. இந்த விசயத்தில் இவரைவிடக் கண்டிப்பானவர் ஒக்லண்டிலேயே இல்லை.

சரியாக ஆறு மணி. பொலிஸ்காரர் நல்ல உயரம், நரைத்த மீசை. சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். கதவைத் திறந்ததும் காற்று உள்ளே வந்தது. பட்டுத் துண்டு விலகியது.

மூன்று பேரும் பார்த்தோம்.

பொலிஸ்காரர் மெதுவாகக் கேட்டார், அது என்ன.

"ரப்பர்" என்றேன்.

"எடுத்துக் காட்ட முடியுமா?"

"நாளைக்குக் காலையிலதான் எடுக்கலாம்."

என்ன பதில். லைசென்ஸ் இல்லாத வீடு, கும்பத்துக்கு முன்னால் துவக்கு, எடுத்துக் காட்டவும் மாட்டாளாம். அவர் முகம் மாறியது. ஆனால் நான் பார்த்தது இவர் முகத்தை. சுவர் நிறம். நெற்றியில் திருநீறு மட்டும் தெரிந்தது.

"ரப்பர்தான். சத்தியமா ரப்பர். இரும்பில்லை" என்றேன் தமிழில், இவருக்கு மட்டும்.

இவர் எழும்பினார். சுவாமிப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டி ரிவோல்வரை எடுத்தார். பூசையில் வைத்ததை, இவர். குங்குமம் பாயில் கொட்டியது. குழலைப் பிடித்து வளைத்தார். அவித்த முருங்கைக்காய் மாதிரி வளைந்தது.

பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். நானும். இவர் சிரிக்கவில்லை. விட்டார், நிமிர்ந்தது. திரும்ப வளைத்தார். திரும்ப விட்டார். அது தன் கையில்தான் இருக்கிறது என்பதை நம்பமுடியாதவர் மாதிரி.

பிறகு என்னை வெளியே போகச் சொன்னார் பொலிஸ்காரர். குசினியில் கடலையைக் கிளறிக்கொண்டே நின்றேன், அடிப்பிடிக்காத கடலையை. உள்ளே இவர் குரல். ஒரு சொல்லும் விளங்கவில்லை. இல்லை என்று சொன்னாலும் கோபிக்கக்கூடாது என்று எனக்கு நானே சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். இவர் அதை வளைத்து வளைத்து விட்டதைப் பார்த்த பிறகு வேறு எப்படி.

போகும்போது அவருக்கு அவலும் கடலையும் கட்டிக் கொடுத்தோம். கார் போன பிறகும் இவர் வாசலில் நின்றார்.

"இரும்பு அலுமாரி ஒண்டு வைக்கவேணுமாம். எங்க வைப்பியள் எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"படுக்கிற அறைக்குள்ள வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். கராஜில வைக்கலாம்."

20 ஒக்டோபர், வியாழன்

விஜயதசமி. வெளிச்சம், காற்றே இல்லை. மகளை அரிசியில் அ எழுத வைத்தார் இவர். "டாட், ஐ நோ திஸ்" என்றுவிட்டு எழுதினாள்.

ரிவோல்வர் பழைய இடத்தில். புதுச் சந்தனம், புதுக் குங்குமம். நான் வைக்கவில்லை.

எடுத்துப் பையில் வைக்கும்போது கேட்டார், "உண்மையானது எவ்வளவு பாரம்?"

"ஒரு கிலோ சீனிப் பையைவிடக் கொஞ்சம் கூட. அரை மணித்தியாலம் துடைச்சால் கை உளையும்."

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, இத்தனை வருசத்தில் முதல் தரம், அந்த ஆமிக்காரனைப் பற்றி:

"அவன்ர கையில பாரமாத் தெரியேல்லை. சின்னப் பெடியன். சிரிச்சுக்கொண்டு நிண்டவன்."

வேலைக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டேன். இவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு அடுத்ததில் போனேன்.