ஆழம் எங்கே என்று கேட்டார்

ஷார்ஜா,
14.01.2025

மதிப்பிற்குரிய சகோதரி நளினி அவர்களுக்கு அப்துல் ஹாதி எழுதுவது. நீங்களும் குழந்தை சம்யுக்தாவும் கோவையில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம். வீட்டில் அஃபீஃபா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

போன மாதம் நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்குப் பதில் பேச நான்கு முறை முயன்று அழித்துவிட்டேன். உங்கள் போனைக் குழந்தையும் எடுப்பாள் அல்லவா. அதனால் லீவில் ஊருக்கு வரும் அஹ்சனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

"வேலை போச்சுன்னு அவரு தானாத்தான் கடல்ல குதிச்சாருங்களா? மறைக்காம சொல்லுங்க பாய்" என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ சம்யுக்தாவிடமும் அப்படிச் சொன்னார்கள் என்று அழுதீர்கள். இல்லை, சகோதரி. உங்கள் முரளிதரன் குதிக்கவில்லை. எனக்குத் தெரியும். ஒரு வருடமாகத் தெரியும்.

போன வருடம் நீங்கள் இருவரும் இன்னும் இங்கே இருந்தபோது, அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே என் தூண்டில் கடைக்கு வந்துவிட்டார். "ஏனுங்க பாய், மூணு வாரமா ஒண்ணு கூடக் கடிக்கலீங்க. மீனெல்லாம் லீவுல போயிருச்சுங்களா?" என்று சிரித்தார். கோடையில் சீலா மீனுக்கு வாங்கிய தடித்த தூண்டில் நரம்பையும் கனமான தகட்டுத் தூண்டிலையும்தான் இன்னும் வீசிக்கொண்டிருந்தார். குளிர் வந்தால் மீனுக்குச் சோம்பல் வந்துவிடும், எதையும் துரத்தாது, வாய்க்கு முன்னால் சின்னதாக ஏதாவது மெதுவாகப் போனால்தான் திறக்கும் என்று சொன்னேன். மெல்லிய நரம்பு கொடுத்தேன். விரல்நுனி அளவு ஈயத்தலை வைத்த ரப்பர் ஜிக்குகளை, அந்தப் பொய் இரைகளை, மேசையில் பரப்பினேன். காற்றடித்துத் தண்ணீர் கலங்கியிருந்ததால் வெள்ளை நிறம் எடுக்கச் சொன்னேன். குளிர்கால மீன் இழுக்காது, யாரோ சட்டையைத் தொட்டது போலத்தான் இருக்கும், அதனால் நுனி மெல்லிய தூண்டில் கோலாகப் பார்த்தோம். ஒரு மணி நேரம் ஆனது.

கடைசியில் ரோஸ் நிறத்தில் ஒன்றைத் தனியாக எடுத்தார். "இது பாப்பாவுக்குங்க. அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றேன்" என்றார். கையில் குத்திவிடக் கூடாதென்று, முள்ளின் உட்பக்கத்துச் சின்ன முனையை இடுக்கியால் அவரே நசுக்கினார். மஸ்கட் ரூவியில் ஒரு கம்பெனி புதன்கிழமை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது, உறுதியானதும் நளினியிடம் சொல்வேன் என்றும் சொன்னார்.

கிளம்பும்போதுதான், ஆழம் எங்கே பாய் என்று கேட்டார். அலைதடுப்புப் பாறைகளின் கடைசி முனை என்று நான் சொன்னேன். ஜும்ஆ முடிந்து வருகிறேன் என்றும் சொன்னேன். தொழுதுவிட்டு வந்தால் கடையில் ஆட்கள் நின்றார்கள். போகவில்லை.

இரண்டு மணி தாண்டி ஒரு போட்டோ அனுப்பினார். கையில் ஒரு சாண் விளமீன். கீழே "கொத்துது பாய்!" என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தைப் பிரதி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் முகத்தைப் பாருங்கள்.

அதற்கு நான் எழுதிய பதில் உங்களுக்குத் தெரியாது. அவருடைய போன் கடலோடு போய்விட்டது. "இன்னும் ரெண்டு பாறை கீழே இறங்குங்க, பெருசு அங்கேதான் கிடக்கும்" என்று எழுதினேன். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன். கீழ்ப்பாறையில் பாசி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நான்கு மணிக்கு அங்கே போனபோது ஆம்புலன்ஸ் நின்றது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த யஹ்யா என்ற ஏமன்காரர் முழுக்க நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பாறை வழுக்கியது, அலை எடுத்தது, நான் கயிறு வீசினேன் என்று அரைகுறை ஹிந்தியில் சொன்னார். "தோ பார் பக்டா, பாய்" என்று விரலை மடக்கிக் காட்டினார். இரண்டு முறை பிடித்தாராம். இரண்டாவது முறை பாறை வரைக்கும் வந்துவிட்டாராம், அடுத்த அலைதான் பிடியை விடுவித்து இழுத்துப் போனதாம். சாக நினைத்தவர் கயிற்றைப் பிடிப்பாரா, சகோதரி?

இதை அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தப் பாறைக்கு ஏன் போனார் என்று கேட்பீர்களே என்று பயந்தேன். என் பதிலை அன்று மாலையே போனிலிருந்து அழித்துவிட்டேன். அழித்து என்ன? இந்தக் குளிரிலும் கடைக்கு வருகிறவர்கள் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எந்த நரம்பு, எந்த நிறம், எவ்வளவு எடை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். "ஆழம் எங்கே பாய்?" என்று யாராவது கேட்டால் மட்டும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கேட்டவர் அவராக இருந்துவிடுவாரோ என்று தோன்றுகிறது. போன வாரம் ஒருவர் மூன்று முறை கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இந்தக் கடிதத்தை யாரிடம் காட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அவர்களிடம் காட்டுங்கள், போலீஸாக இருந்தாலும் சரி. ஒன்றே ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சம்யுக்தா அடுத்த முறை பள்ளிக்கூடம் போகும் முன்னே, உன் அப்பா வீட்டுக்கு வரத்தான் பார்த்தார் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

படைத்தவன் உங்கள் இருவரையும் நிழலில் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்துல் ஹாதி