டப்பாவில் ஒட்டிய படம்

ஜூன் 16

இந்த டைரி இவர் வேலை பார்க்கும் உரக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. அட்டையில் நெற்கதிர். ஆறு மாதமாகப் பீரோ மேல் சும்மா கிடந்தது. சன்மதிக்கு எப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது என்று எழுதி வைக்கும்படி சென்னை டாக்டர் சொன்னதால் எடுத்தேன்.

இன்று இரண்டு முறை. பள்ளிக்கூட மாடிப்படி ஏறியபோது ஒன்று. சாயங்காலம் கூடப் படிக்கும் தேவிப்ரியாவோடு ஓடிப் பிடித்து விளையாடியபோது ஒன்று. உதடு லேசாக நீலம்.

எட்டு வயதுப் பெண்ணை ஓடாதே என்று எத்தனை தடவை சொல்வது?

ஜூன் 23

ஆகஸ்டில் இதய ஆபரேஷன். லீவு கேட்கப் பள்ளிக்கூடம் போனேன். தாளாளர் ராஜமாணிக்கம் சார் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஃபீஸ் பாக்கி இருந்த நாட்களில் அந்த நாற்காலி வந்ததில்லை.

பௌர்ணமி அன்று பிள்ளைகள் டப்பா எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் வசூல் செய்வார்களாம். சன்மதிக்காக. "நம்ம ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் உதவுற மனசு வரணும்ல?" என்றார்.

உள்ளதைச் சொன்னேன். ஆபரேஷன் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்துவிடும். சென்னையில் ரூம் எடுத்துத் தங்குவதற்கும், சாப்பாட்டுக்கும், அதற்கப்புறம் மருந்துக்கும்தான் வழியில்லை. இவருக்கும் எனக்கும் லீவு போட்டால் சம்பளம் கிடையாது. சார் சிரித்தார்.

"ரூம் வாடகைக்குனு எழுதினா யாரும்மா போடுவாங்க? ஆபரேஷன்னு எழுதினாதான் போடுவாங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று எழுந்து வர என்னிடம் என்ன இருந்தது?

ஜூன் 27

சன்மதியை ஆபீஸ் ரூமில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்களாம். இவள் சிரித்திருக்கிறாள். சிரிக்காமல் இன்னொன்று எடுத்தார்களாம். "ஏம்மா சிரிக்கக் கூடாது?" என்று கேட்கிறாள். வெளிச்சம் சரியாக இருந்திருக்காது என்றேன்.

ஜூலை 3

மூச்சு வாங்கல் ஒரு முறை. அழுததால்.

வகுப்பில் எல்லோருக்கும் டப்பா கொடுத்திருக்கிறார்கள். இவளுக்கு இல்லை. கேட்டதற்குத் தனம் மிஸ், "உனக்குத்தானே வசூல் பண்றோம், நீ எப்பிடிப்பா வருவ?" என்றார்களாம். மிஸ் கெட்டவர் இல்லை. கன்னத்தைத் தட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனால் மஞ்சள் தொப்பி போட்டு, ரெண்டு ரெண்டு பேராகக் கை கோத்துப் போகப் போகிறார்கள். தேவிப்ரியா இப்போது வேறு யார் கையையோ பிடித்துப் போவாள். இவளுக்கு அதுதான் துக்கம், இதயம் இல்லை.

ஜூலை 10

பௌர்ணமி. லாட்ஜில் மூச்சு விட நேரமில்லை. ஆந்திராக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். நான் கவுண்டரில் சாவி கொடுப்பதும் ஆதார் நகல் வாங்குவதுமாக இருந்தேன்.

நாலு மணி வாக்கில் மஞ்சள் தொப்பி போட்ட ரெண்டு பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஐந்தாம் வகுப்பு இருக்கும், என்னைத் தெரியாது. டப்பாவைத் தூக்கிக் கவுண்டர் மேல் வைத்தார்கள். டப்பாவைச் சுற்றி என் மகள் முகம். சிரிக்காத முகம்.

"ஆண்ட்டி, இந்தப் பாப்பாவுக்கு இதயத்துல ஓட்டை. நீங்க உதவினாதான் பிழைக்கும்." வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தார்கள்.

முதலாளி பக்கத்திலேயே நின்றார். அவர் ஒரு நோட்டு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பர்ஸைத் திறந்து போட்டேன். பிள்ளைகள் தேங்க்யூ சொல்லிவிட்டு, "உங்க குடும்பம் நல்லா இருக்கும் ஆண்ட்டி" என்றார்கள். சாவி வாங்க நின்ற ஒரு பெரிய மனிதர், "எல்லாம் ஃப்ராடுங்க, இந்தப் படத்துல இருக்கிற பொண்ணே இருக்காது" என்றார். அவருக்கு ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

இருக்கிறாள்யா. பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

ஜூலை 11

இவரிடம் டப்பா விஷயம் சொல்லவில்லை. சொன்னால் சோறு இறங்காது அவருக்கு.

ஜூலை 21

பிரேயரில் பணம் கொடுத்தார்கள். ஆள் உயர அட்டையில் செக் மாதிரி அச்சடித்து, அதை நானும் இவரும் சன்மதியும் பிடித்துக்கொண்டு நிற்க, பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். அதிகம் வசூல் செய்த தேவிப்ரியாவுக்குச் சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. என்னை மைக்கில் பேசச் சொன்னார்கள். நன்றி என்றேன். சார் பக்கத்தில் குனிந்து, "கொஞ்சம் விவரமா சொல்லுங்கம்மா, பிள்ளைங்களுக்குப் புரியணும்" என்றார். விவரமாகச் சொன்னேன். நீங்கள் இல்லாவிட்டால் என் மகள் இல்லை என்று ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக் கும்பிட்டேன்.

எங்கள் ஊரில் மாமனார் வீட்டில் சமண முனிவர்களுக்கு ஆகாரம் கொடுப்பதற்குத் தவம் கிடப்பார்கள். கொடுத்துவிட்டுக் கொடுத்தவர்தான் கும்பிடுவார். இங்கே எல்லாம் தலைகீழ்.

ஆகஸ்ட் 14, சென்னை

முடிந்தது. ஐந்து மணி நேரம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் குழந்தை.

ஆகஸ்ட் 20

நெஞ்சின் நடுவில், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்து நேராகத் தையல். சன்மதி குனிந்து பார்த்துவிட்டு, ஜிப் மாதிரி இருக்கிறது என்கிறாள்.

பொய் சொல்லக்கூடாது. இந்த ரூம் வாடகை அந்தப் பிள்ளைகள் கொண்டுவந்த காசுதான். இவர் கேன்டீனில் வாங்கி வரும் இட்லியும் அதுதான். நன்றி இருக்கிறது எனக்கு. அதைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் தாங்கவில்லை. இன்றைக்கும் தாளாளர் போன் செய்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த மாதிரி ஒரு போட்டோ கேட்டார். டாக்டர் விடவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்தான்.

அக்டோபர் 6

காலாண்டு விடுமுறை முடிந்து, மறுபடி பள்ளிக்கூடம். மாடிப்படி ஏறினாளாம். மூச்சு வாங்கவில்லை!

அக்டோபர் 15

மூச்சு வாங்கல் இல்லை. ஆனால் ஷார்ப்னர் இல்லை. வாசனை ரப்பர் இல்லை. ஊஞ்சலில் இவள் முறை வருவதே இல்லை. தலை வாரும்போது மெதுவாகக் கேட்டதில் வந்தது.

"தேவிப்ரியா கேட்டா, குடுத்துட்டேன். எங்க காசுலதானே உன் நெஞ்ச தெச்சாங்கனு சொல்றாம்மா. எல்லாரும் ஆமானு சொல்றாங்க."

பொய்யென்று சொல்ல முடியுமா? காப்பீட்டு அட்டையை எட்டு வயதுக் குழந்தைக்கு விளக்கி, அவள் போய் ஊஞ்சலடியில் நின்று விளக்குவதா? பின்னலை இறுக்கிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. வலிக்குதும்மா என்றாள்.

தனம் மிஸ்ஸிடம் சொன்னேன். பிள்ளைகள் அப்படித்தான், ரெண்டு நாளில் மறந்துவிடும் என்றார்.

அக்டோபர் 28

மறக்கவில்லை. இன்று தண்ணீர் பாட்டில்.

நவம்பர் 3

இந்தப் பௌர்ணமிக்கும் வசூல். ரெண்டாம் வகுப்பு கோபிக்குக் கிட்னியில் கோளாறாம். இந்தத் தடவை சன்மதிக்கும் மஞ்சள் தொப்பியும் டப்பாவும் கொடுத்துவிட்டார்கள். வீடு முழுக்கத் தொப்பியோடு நடந்துகொண்டிருக்கிறாள். இவர், இப்போதுதான் தேறியிருக்கிறாள், எதற்கு என்றார். நான்தான் போகட்டும் என்றேன். ஒரு தடவையாவது எல்லோரோடும் கை கோத்துப் போகட்டும்.

நான்தான் சொன்னேன்.

நவம்பர் 5

இருட்டின பிறகுதான் கொண்டுவந்து விட்டார்கள். சமண வழக்கப்படி இருட்டினால் எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. இன்று பாவம் என்று அவளுக்கு மட்டும் தோசை ஊற்றினேன். நாலு தோசை தின்றாள். டப்பா நிரம்பி மூடி வைக்க முடியவில்லையாம். அப்படியே தூங்கிவிட்டாள்.

நவம்பர் 7

சில்வர் டிபன் பாக்ஸோடு வந்தாள். "அம்மா, நான்தான் ஃபர்ஸ்ட். தேவிப்ரியா செகண்ட்தான்."

எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. எப்படிடி இவ்வளவு வசூல் செய்தாய் என்று சும்மா கேட்டேன்.

"சும்மா கேட்டா யாரும் நிக்க மாட்டேங்கிறாங்கம்மா. மொத பட்டன கழட்டிக் காட்டினா நிக்கிறாங்க. ஒரு பாட்டி அழுதுட்டாங்க. தெலுங்குக்காரங்க தொட்டுப் பாத்துட்டு ஜாஸ்தியா போட்டாங்க."

யார் சொல்லிக் கொடுத்தது, தனம் மிஸ்ஸா, சாரா என்று கத்தினேன். பயந்துபோய்ச் சுவரோரம் நின்றாள்.

"யாரும் இல்ல. நானேதான். ஒருத்தர் என்ன இதுனு கேட்டாரு, காட்டினேன், நெறய போட்டாரு. அதுக்கப்புறம் எல்லாருக்கும் காட்டினேன்."

அப்புறம் மெதுவாக, "இப்ப நான் திருப்பிக் குடுத்துட்டேன்ல? இனிமே தேவிப்ரியா ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

ஐயோ. கடன் அடைச்சிருக்கா. என் பொண்ணு நடு ரோட்டுல சட்டையத் தொறந்து காட்டிக் கடன் அடைச்சிருக்கா. போறவன் வர்றவன் எல்லாம் தொட்டுப் பாத்திருக்கான். கூடப் போன பெரியவங்க ஒருத்தருக்குக் கூடவா வேணாம்னு தோணல? எனக்கு யார அடிக்கணும்னு தெரியல.

நவம்பர் 10

சாரைப் பார்த்தேன். "நாங்க யாரும் சொல்லிக் குடுக்கலம்மா. அவளாவே செஞ்சா. எவ்ளோ பெரிய மனசு" என்கிறார். நிஜமாகவே கண் கலங்கினார் மனிதர். அவரைத் திட்டவும் முடியவில்லை. கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும், திறந்த வண்டியில் மேடை கட்டிச் சன்மதியையும் கோபியையும் உட்கார வைக்கப் போவதாகச் சொன்னார். கழுத்து இறக்கமாக ஒரு கவுன் தைத்துவிட்டால் நல்லதாம்.

முடியாது என்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அன்னிக்கு நீங்க இப்பிடிச் சொல்லலியேம்மா" என்றார்.

நவம்பர் 14

குழந்தைகள் தினம். லாட்ஜுக்குக் கோபியின் அம்மா திரௌபதி வந்தாள். நான் ஜூனில் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தாள். தூங்காத கண். கையில் பிளாஸ்டிக் கவரில் ஸ்கேன். பையன் மடியிலேயே தூங்கிவிட்டான், முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, உங்க பாப்பா வந்தா நல்லா வசூல் ஆகுதுனு சொல்றாங்க. தீபத்துக்கு மட்டும் அனுப்புங்க. ஒரு நாள்தான்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் இப்பிடித்தானே இருந்திருக்கும்?"

இருந்தது. எல்லாம் தெரியும் எனக்கு. வேறு யார் கேட்டிருந்தாலும் கத்தி அனுப்பியிருப்பேன். அவளிடம் மெதுவாகத்தான் சொல்ல வந்தது. நான் என் சம்பளத்தில் இருந்து தருகிறேன், ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும், எந்த அட்டை வேண்டும் என்று கூடவே வந்து சொல்லித் தருகிறேன், ஆனால் பாப்பா வர மாட்டாள் என்றேன். பிடித்திருந்த என் கையை அவள் விட்டாள்.

"வாங்கிக்கத் தெரிஞ்சுதுல்ல?" என்றாள். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சரியாகத்தான் கேட்டாள்.

நவம்பர் 17

டி.சி. வாங்கிவிட்டோம். இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூட வந்தார். தனம் மிஸ் வாசல் வரை வந்து, படிப்பு பாதியில் கெடுமே என்று வருத்தப்பட்டார். சில்வர் டிபன் பாக்ஸை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 24

அடி அண்ணாமலையில் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே இருக்கும் அரசுப் பள்ளிக்கூடம். மாடிப்படி கிடையாது. இன்று ஓட்டப் பந்தயம் வைத்தார்களாம். "கடைசியா வந்தேம்மா" என்று சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். பழைய இடத்தில் ஓட விட்டதே இல்லை.

நெஞ்சில் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்களாம். மாடு முட்டிவிட்டது என்று சொன்னாளாம். எந்த மாடு என்று கேட்டிருக்கிறார்கள். செவலை என்றாளாம்.

பொய் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டைக்கு மேலே இன்னும் ஒரு பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 28

திரௌபதிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று நாளாக எடுக்கவில்லை.

டிசம்பர் 3

தீபம். மலை மேல் ஏற்றியதும் தெருவில் எல்லோரும் கை கூப்பினார்கள். சன்மதியை வெளியே விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திறந்த வண்டி எங்கள் பக்கம் வந்ததா என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

டிசம்பர் 11

டவுனுக்கு ஷேர் ஆட்டோவில் போனோம், நானும் சன்மதியும். புதுப் பள்ளிக்கூடத்தில் இவளோடு படிக்கும் பெண்ணும் அவள் அம்மாவும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

கிரிவலப் பாதை திருப்பத்தில் ஆட்டோ நின்றது. கம்பத்தில் பெரிய ஃப்ளெக்ஸ். இடது பக்கம் சன்மதி, அதே சிரிக்காத முகம், கீழே 'நாங்கள் காப்பாற்றிய மலர்' என்று எழுத்து. வலது பக்கம் கோபி. அவனுக்குக் கீழே 'காப்பாற்றுவோம் வாருங்கள்'. டி.சி. வாங்கினால் படத்தையும் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல?

அந்தப் பெண் ஃப்ளெக்ஸையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தது. "ஏய், அது நீதானே?"

"இல்ல. அது வேற பொண்ணு," என்றாள் சன்மதி. குரல் கொஞ்சமும் மாறவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, அப்பிடியே உங்க பாப்பா மாதிரியே இருக்குதே?"

"இல்லைங்க," என்றேன்.

ஆட்டோ கிளம்பியது. சன்மதி என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் மலையைப் பார்த்தாள். நானும் மலையைப் பார்த்தேன். கோபியின் முகத்தை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.